ஊசியைப் பிடுங்கி வைத்த நாள்

பீர்க்கன்கரணையில் இட்லி மாவு பாக்கெட் போடும் ஒரு சிறிய கம்பெனியில் க்யூசி வேலைக்குச் சேர்ந்தேன். தரம் பார்க்கும் வேலை. பத்து வருஷம் பிஸ்கட் கம்பெனியில் இருந்தவள் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

முதல் நாள் பேக்கிங் ஹாலுக்குப் போனேன். அங்கே செல்வி, என் வயதுக்காரி, சீல் ஆகி வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் மேல் ஓரத்திலும் தையல் ஊசியால் ஒரு குத்துக் குத்தி ட்ரேயில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டுப் பொருள் செய்கிற இடத்தில் ஊசியா? முனை உடைந்து உள்ளே விழுந்தால் யார் பதில் சொல்வது?

“இன்னா மேடம், குத்தலன்னா பேஜாராயிடும்” என்றாள்.

“நான் சொல்றதைச் செய்ங்க. ஊசியைக் குடுங்க.”

வாங்கி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பிஸ்கட் பாக்கெட்டில் ஓட்டை விழுந்தால் நமுத்துப் போகும், அதைத் தடுப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. மாவு பாக்கெட்டுக்குள் போன பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும், அதில் உண்டாகும் காற்று வெளியேற வழி வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாவலூர் சூப்பர் மார்க்கெட் மேனேஜர் முதலாளிக்கு போன் செய்தார். அவர்களுக்கு நாங்கள் அனுப்பிய முதல் லோடு அது. “உங்க பாக்கெட்டெல்லாம் தலகாணி மாதிரி உப்பிக்கிட்டு இருக்கு சார். ரெண்டு ஃப்ரிட்ஜுக்குள்ளயே வெடிச்சிடுச்சு. வந்து எடுத்துட்டுப் போங்க.”

முதலாளி நேராகப் பேக்கிங் ஹாலுக்கு வந்தார். “செல்வி, குத்தாம அனுப்பிட்டியா? எவ்ளோ அலைஞ்சு வாங்கின ஆர்டர் தெரியுமா? நாளைலருந்து வேலைக்கு வராத.”

செல்வி என்னை மட்டும் பார்த்தாள். அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது என்று முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருந்தேன். சொன்னால் வேலை போவது எனக்கு. உடனே பேசவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

“சார், நான்தான் ஊசியைப் பிடுங்கி வெச்சேன். அவங்க சொன்னாங்க, நான் கேக்கல.”

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? செல்வி, உன் வேலை எங்கயும் போகலம்மா. விசாரிக்காம கத்துனது என் தப்பு.” பிறகு என்னிடம், “அந்த மேனேஜர்கிட்ட நீங்களே போய்ப் பேசுங்க. செல்வியையும் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

நாவலூர் போனதும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மேனேஜர் முகத்தைச் சுளித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், “சரி, நாளைக்குக் கொஞ்சமா அனுப்புங்க, பாப்போம்” என்றார். போன உயிர் திரும்பி வந்தது. வேனில் ஏறியதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

திரும்பும் வழியிலேயே இரண்டு பேரும் பேசி முடித்தோம். உடையாத தடித்த ஊசி, அதற்கு ஒரு கைப்பிடி, வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் முனை முழுசாக இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் கையெழுத்து. நான் பயந்ததிலும் நியாயம் இருந்தது, அவள் குத்தியதிலும் இருந்தது. அன்றிலிருந்து யார் கைவேலையையும் ஏன் என்று கேட்காமல் நான் நிறுத்தியதில்லை.

வேன் வண்டலூரைத் தாண்டும்போது செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

“மொதலாளி திட்டுனப்ப, மனசுக்குள்ள பத்து எண்ணுறவரைக்கும் பாத்துட்டு நானே சொல்லிடலாம்னு இருந்தேன் மேடம். நீங்க எட்டுலயே வாயத் தொறந்துட்டீங்க.”