கழுத்து மழித்த நாய்

பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் தொழில். ரெக்சினை அளந்து வெட்டி, தடித்த நூலில் தைத்து, இரும்புச் சட்டத்தில் இழுத்து மாட்டுவாள். பன்னிரண்டு வருடமாக அதே பட்டறை, அதே தையல் இயந்திரம். தெருவில் எல்லோரும் அவளை ஊசி என்றுதான் சொல்வார்கள். தொழிலால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாயால் வந்த பெயர் என்பது தெருவுக்குத் தெரியும்.

பட்டறை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அங்கே அவளும் மூட்டையும். மூட்டை சாம்பல் நிறப் பெட்டை நாய், முப்பத்தெட்டு கிலோ. அது படியேறினால் எதிரே வருகிறவர் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும்.

அப்படி ஒட்டி நிற்க மறுத்தவர் ஒருவர் மட்டுமே. முதல் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த போட்டோக்காரர். அவரிடமும் ஒரு நாய் இருந்தது, பட்டாணி என்று பெயர், கைப்பையில் அடங்கும் அளவு. பட்டாணியைப் பார்த்து மூட்டை ஒருமுறை உறுமியதில் ஆரம்பித்த பகை, இரண்டு வருடத்தில் ஆல்பமாகத் தடித்திருந்தது. மூட்டை மொட்டை மாடியில் அசிங்கம் செய்தால் ஒரு படம். படியில் முடி உதிர்த்தால் ஒரு படம். கொட்டாவி விட்டதைப் பக்கவாட்டில் எடுத்து, ‘கடிக்க வரும் காட்சி’ என்று அடியில் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் கோர்த்து, நாயைக் கட்டடத்தை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்துக்கு மனுக் கொடுத்தார். விசாரணை அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

மனுவின் நகலை ஊசியிடம் கொடுத்தார்கள். கடைசிப் படத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. மூட்டையின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லாத இடம். அடியில், ‘தொற்றுச் சொறி. குழந்தைகள் உள்ள கட்டடம்.’

அது சொறி இல்லை. ரத்தம் எடுப்பதற்காக மழித்த இடம்.

மூட்டை ரத்தம் கொடுக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு போனபோது, கால்நடை மருத்துவமனையின் டாக்டரம்மா எடை மேடையைப் பார்த்துவிட்டு, “இவ ரத்தம் கொடுக்கலாமே” என்றார். “என் நாய் என்ன தண்ணிக் குழாயா, திறந்து பிடிச்சுக்க?” என்று ஊசி திருப்பிக் கேட்டாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய், வண்டியில் அடிபட்டு ஈறெல்லாம் வெளுத்துக் கிடந்த ஒரு நாயைக் காட்டினார். அவ்வளவுதான். வாய் திறக்காமல் ஊசி மூட்டையை மேசைமேல் ஏற்றினாள்.

அதிலும் அவள் சட்டம் பேசினாள். தகர மேசை குளிருகிறது என்று சொல்லி, மறுமுறை போகும்போது பட்டறையிலேயே ஒரு மெத்தை தைத்து எடுத்துப் போனாள். ரத்தம் வாங்கும் நாயின் சொந்தக்காரர்கள் அறைக்குள் வரக் கூடாது என்றாள். “நன்றி அக்கான்னு கையைப் பிடிச்சு அழுவாங்க. எனக்கு அது ஆகாது.” மூட்டை பக்கவாட்டில் படுத்து, கழுத்து நரம்பில் ஊசி ஏறும்போதும் அசையாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கால் மணி நேரத்தில் பை நிறைந்துவிடும்.

மனு வந்த இரண்டாம் நாள் காலை. தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது பட்டறை வாசலில் போட்டோக்காரர் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.

“பட்டாணிக்கு உண்ணிக் காய்ச்சல். ரத்தமே இல்லைங்கறாங்க. இன்னைக்குள்ள ஏத்தணுமாம்.”

“அதுக்கு?”

“உங்க நாய் கொடுக்கும்னு ஆஸ்பத்திரியில யாரோ பேசிக்கிட்டாங்க.”

“என் நாய்க்குத்தான் சொறியாச்சே சார். தொத்திக்காதா?”

அவர் முகம் சுண்டிப் போனது. ஊசிக்கு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

“மனுவை வாபஸ் வாங்கிக்கிறேம்மா. இப்பவே எழுதித் தர்றேன்.”

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உண்மையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. “என் நாய் ரத்தத்தை வச்சு என்கிட்டயே பேரம் பேசறீங்களா? கொடுக்க முடியாது. அது கொடுத்து பத்தொன்பது நாள்தான் ஆகுது. ரெண்டு மாசம் ஆகாம எடுக்க மாட்டாங்க.”

“பழி வாங்கறே நீ.”

“வாங்கணும்னு ஆசைதான். ஆனா காரணம் அது இல்லை.”

அவர் நம்பவில்லை. எண்ணெய்க் கையோடு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, போனைச் சத்தமாக வைத்தாள். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். மூட்டையிடம் இப்போது எடுத்தால் மூட்டை படுத்துவிடும். பட்டியலில் இருந்த மற்ற இரண்டு நாய்களில் ஒன்று வெளியூரில், ஒன்றுக்கு வயதாகிவிட்டது. பிறகு, “மூட்டையோட ஒரே ஈத்துல பிறந்த நாய் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அது எங்கே?” என்று கேட்டார்.

ஊசி போனை அணைத்தாள். என்றைக்கோ வாய்தவறிச் சொன்னது.

அந்த நாயின் பெயர் பூட்டு. அது அவளுடைய முன்னாள் கணவனிடம் இருந்தது. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கற்பவர் காலடியில் ஒரு பிரேக், தன் காலடியில் ஒரு பிரேக் வைத்த வண்டி அவனுடையது. வீட்டிலும் அப்படித்தான் இருந்தான் என்பதால் அவள் அவனுக்கு டபுள் பிரேக் என்று பெயர் வைத்தாள். அவள் எந்தப் பக்கம் போனாலும் அவன் கால் அழுத்தும். நான்கு வருடத்துக்கு முன் பிரிந்தபோது ஆளுக்கொரு நாயாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே அவள் தலை வைத்துப் படுத்ததில்லை.

போட்டோக்காரர் இன்னும் வாசலிலேயே நின்றார். பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையும் அவருமாக.

“ஏறுங்க சார் வண்டியில” என்றாள்.

அந்த ஸ்கூட்டர் பயணம் தெருவே பார்க்க வேண்டியது. ஜென்மப் பகை இரண்டும் ஒரே இருக்கையில். அவர் அவளைத் தொடாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். குழியில் இறங்கும்போதெல்லாம் “பார்த்து, பார்த்து” என்றார். “நீங்களே ஓட்டறீங்களா?” என்றாள். அவருக்கு ஓட்டத் தெரியாது.

டபுள் பிரேக் திடலில் ரப்பர் கூம்புகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தான். நிழலில் பூட்டு படுத்திருந்தது. மூட்டையின் அதே சாம்பல், அதே தலை. ஊசியைப் பார்த்ததும் எழுந்து பல்லைக் காட்டியது. குட்டியாக அவள் மடியில் கிடந்த நாய்.  அவள் இரண்டடி தள்ளியே நின்றாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் கூம்பைக் கீழே வைத்தான்.

“ஒரு செடியைக்கூட என்னால வளர்க்க முடியாதுன்னு எல்லார் முன்னாடியும் கோர்ட்டுல சொன்னவ நீ. இப்ப என் நாயோட ரத்தம் வேணுமா? முதல்ல மன்னிப்புக் கேளு.”

“கேட்க மாட்டேன்.”

“அப்ப கிளம்புடி.”

“டி போடாதே. அந்த உரிமையைத்தான் கோர்ட்டுல எடுத்தாச்சு.” பூட்டை ஒருதரம் பார்த்தாள். கண் தெளிவு, உடம்பில் பளபளப்பு, நகம் வெட்டியிருந்தது. “நாயை நல்லா வச்சிருக்கே. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மன்னிப்பு இல்லை இது. கண்ணுக்குத் தெரியறதைச் சொல்றேன்.”

அவன் மறுபடி கூம்பை எடுத்தான். அப்போதுதான் போட்டோக்காரர் முன்னால் வந்து, “சார், எனக்கு வீட்டில வேற யாரும் இல்லை” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பக்கத்தில் நிற்பது யார் என்பதையே அவர் மறந்திருந்தார்.

“உங்களுக்காக வர்றேன் சார்” என்றான் டபுள் பிரேக். பிறகு ஊசியைப் பார்த்து, “இவளுக்காக இல்லை” என்று சேர்த்துக்கொண்டான்.

மருத்துவமனையில் ஒரு சொட்டு எடுத்து, பட்டாணியின் ரத்தத்தோடு சேருகிறதா என்று பார்த்தார்கள். சேர்ந்தது. ஆனால் பூட்டு மூட்டை மாதிரி இல்லை. மேசைமேல் ஏற்றியதும் எகிறியது. பிடிக்க வேண்டியவன் டபுள் பிரேக். கழுத்தை மழிக்கும்வரை பிடித்தான். ரத்தம் எடுக்கும் ஊசியின் தடிமனைப் பார்த்ததும் நெற்றி வேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போய் உட்கார்ந்துவிட்டான்.

“யாராவது தலையைப் பிடிக்கணும்” என்றார் டாக்டரம்மா.

ஊசி பிடித்தாள். பூட்டு திரும்பி அவள் முன்கையில் பல்லை இறக்கியது. இரண்டு பல் நன்றாகவே பதிந்தது. கையை உருவினால் நாய் துள்ளும், நரம்பிலிருந்து ஊசி பிடுங்கிக்கொள்ளும். அதனால் அவள் உருவவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “பிடிச்சுக்கோ, உனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு பிடிச்சுக்கோ” என்று அதன் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் தாடை தளர்ந்தது. பை நிறையும்வரை நாய் அவள் கையை வாயில் வைத்தபடியே கிடந்தது, கடிக்காமல்.

பிறகு டாக்டரம்மா சோப்புப் போட்டு வெகுநேரம் அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் கழுவவிட்டு, உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லித் துரத்தினார். வெளியே டபுள் பிரேக் அவள் கையைப் பார்த்தான். என்னவோ கேட்க வந்தான். அவள் நிற்கவில்லை.

பட்டாணி பிழைத்துவிட்டது. நான்காம் நாள் போட்டோக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். அன்று மாலையே டபுள் பிரேக் பழத்தோடு வந்து அவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டுப் போனான். பூட்டைப் பெரிய படமாக எடுத்து, சட்டம் போட்டு, கட்டட வாசலில் இருந்த ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார் போட்டோக்காரர். ‘உயிர் கொடுத்தவன்’ என்று கீழே எழுத்து. ஊசி தினமும் அதைத் தாண்டித்தான் நூல் வாங்கப் போக வேண்டியிருந்தது.

“மனு என்னாச்சு சார்?” என்று படியில் மறித்துக் கேட்டாள்.

“உங்க நாய் கொடுத்தா வாபஸ்னு சொன்னேன். கொடுத்தது உங்க நாய் இல்லையே.”

இப்படி ஒரு மனுஷன் இருக்க முடியுமா என்று அவளுக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு அவள் கட்டுப்போட்ட கையோடு போனாள். டாக்டரம்மாவின் கடிதம் பையில் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. மனுவின் கடைசிப் படத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

“இந்த இடம் என்னன்னு இவரையே சொல்லச் சொல்லுங்க. நான் பேசலை.”

அறையில் பதினாறு பேர். போட்டோக்காரர் படத்தைப் பார்த்தார், மடியில் இருந்த பட்டாணியைப் பார்த்தார். பட்டாணியின் முன்கால் மழித்து வெறிச்சென்று இருந்தது, ரத்தம் ஏற்றியபோது மழித்தது.

“ரத்தம் எடுக்க மழிச்ச இடம்” என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

“சத்தமா சார். மனுவைச் சத்தமாத்தானே கொடுத்தீங்க?”

அவர் மறுபடி சொன்னார். காது சிவந்துவிட்டது. சங்கத் தலைவர் மனுவைத் தள்ளுபடி செய்தார். படியில் நாயைக் கயிறோடுதான் கூட்டிப் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். அது இரண்டு நாய்க்கும் பொருந்துமா என்று ஊசி கேட்டு, பொருந்தும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். போட்டோக்காரர் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. இருவருக்கும் அதில் குறையொன்றும் இல்லை.

அடுத்த வாரம் அவள் டபுள் பிரேக்குக்குப் போன் செய்தாள்.

“பூட்டு பேரைப் பட்டியல்ல சேர்க்கலாமான்னு டாக்டரம்மா கேட்கறாங்க. உன்னால பிடிக்க முடியாது. நான் வந்து பிடிக்கிறேன்.”

“நீ வந்தா நான் பேச மாட்டேன்.”

“பேசினாத்தான் வர மாட்டேன்.”

மறுபக்கம் அவன் பூட்டை அதட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி, சேர்த்துக்கச் சொல்லு” என்றான்.

இப்போதும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் அப்படித்தான் நடக்கிறது. பூட்டின் முறை வந்தால் அவன் கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, வாசல் பெஞ்சில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். அவள் தடித்த ரெக்சினில் முழங்கைவரை வரும் ஒரு உறை தைத்து வைத்திருக்கிறாள். அதை மாட்டிக்கொண்டு பூட்டின் தலையைப் பிடிப்பாள். முடிந்ததும் கயிற்றைத் திருப்பிக் கொடுப்பாள். ஒரு வார்த்தை கிடையாது. ஒருமுறை புதிதாக வந்த நர்ஸ், “நீங்க ரெண்டு பேரும் உறவா?” என்று கேட்டுவிட்டாள்.

“இல்லை” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.