ஊற்றடி அக்காவுக்குக் கொடுத்த வாக்கு

அந்த அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். கெட்ட தண்ணீர் எவ்வளவு கெட்டது என்று எழுதிக்கொடுப்பதுதான் வேலை. தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற வேண்டும் என்று, முப்பத்தாறு வயதில் அதை உதறிவிட்டு, நிலைத்த வளர்ச்சிப் படிப்பில் முதுகலை சேர்ந்தேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஆய்வேடு தேறாவிட்டால் பழைய வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மலையில், புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சிற்றூரின் ஊற்று. கோடையில் குடிக்க அந்த ஊருக்கு அதுதான் கதி. யார் எப்போது பிடிப்பது என்று முறை பார்க்கிறவர் ஓர் அக்கா. அவர் சரி என்றால்தான் மற்றவர்கள் என்னிடம் பேசுவார்கள். முதல் நாள் ஜீப்பில் போய் இறங்கியபோது பெண்கள் குடங்களோடு காத்திருந்தார்கள். நான் பாட்டிலில் ஊற்றுநீரைப் பிடித்து, குலுக்கி, மண்ணில் கொட்டினேன். மூன்று முறை. மாதிரி எடுக்கும் நீராலேயே பாட்டிலை மூன்று தடவை அலச வேண்டும் என்பது ஆய்வகத்தில் கை பழகிப்போன விதி. கழிவுநீர்த் தொட்டியில் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

நிமிர்ந்தேன். எல்லோரும் மண்ணில் இருந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க," என்றார் அக்கா. "கால் மணி நேரம் ஊறுன தண்ணிங்க அது."

குரலில் கோபமே இல்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் எனக்குக் கவலை என் பட்டத்தைப் பற்றித்தான்.

மறுநாள் பாட்டில் இல்லாமல் போய் வரிசையின் கடைசியில் சும்மா உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நான்காம் நாள் அக்காவே பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். ஒரே நிபந்தனை: தண்ணீரைப் பற்றி என்ன எழுதினாலும் அவர்களிடம் வந்து சொல்ல வேண்டும். இதென்ன பெரிய விஷயம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஆய்வேடு தேறியது. ஆசைப்பட்ட வேலையும் கிடைத்தது. கம்பெனிகளுக்குச் சுற்றுச்சூழல் யோசனை சொல்லும் நிலைத்தன்மை ஆலோசகர், ஏசி அறை. மேலே தோட்டங்களில் போடும் உரம் ஊற்றில் இறங்கியிருக்கிறது, பச்சிளங்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில். மலைக்குப் போக நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு தண்ணீருக்கு வழி சொல்லாமல் இதை மட்டும் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். வருடம் ஒன்று ஓடிவிட்டது.

போன வாரம் அக்கா போனில் கூப்பிட்டார். எனக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறதாம். தாய்ப்பால் போதவில்லை, பால்பவுடர் கலக்கிக் கொடுக்கிறார்களாம். எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன்.

"நம்ம ஊத்துத் தண்ணிதாங்க," என்றார். "நீங்கதான் ஒண்ணும் வந்து சொல்லலியே. அப்போ நல்ல தண்ணிதான்னு வெச்சிக்கினோம்."