மகள் பால் மறந்த வாரம்

வேப்பங்கொழுந்தை மையாக அரைத்து மார்பில் தடவிக்கொண்டு உட்கார்ந்த அந்தக் காலை நேரம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வாயை வைத்ததும் முகத்தைச் சுளிப்பாள், துப்புவாள், இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்துவிடுவாள் என்றுதான் எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அவரவர் பிள்ளைகளுக்கு அவர்கள் அப்படித்தான் பால் மறக்கடித்தார்களாம். என் மகளோ வாயை வைத்தாள், என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு பச்சை முழுவதையும் நக்கித் தீர்த்துவிட்டு, “அந்தப் பக்கம்” என்று கையைக் காட்டினாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே அழுகையும் வந்துவிட்டது. வேம்பு இனிக்கிறது, ஊரே குடிக்கிற பசும்பால் ஆகமாட்டேன் என்கிறது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்று வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பேன்?

பால் ஆகாது என்றால் பாலோடு போகவில்லை. தயிர், மோர், நெய், பால் சேர்ந்த பிஸ்கட் எதுவும் ஆகாது. முட்டை ஆகாது. கடலைக்காய் ஆகாது. சோறூட்டத் தொடங்கிய புதிதில் ஒரு வாய் தயிர்சோறு கொடுத்தபோது உதடு தடித்து, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. குழந்தை டாக்டர்தான் அதற்கு அலர்ஜி என்று பெயர் சொன்னார். தாய்ப்பால் வழியாகவும் போகும் என்பதால் நானும் அதையெல்லாம் தொடக்கூடாது என்றார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போன நாட்களில், டீ டைமுக்கு மணியடித்ததும் எல்லாரும் டம்ளரோடு உட்கார, நான் மட்டும் பால் விடாத வரக்காப்பியை ஊதிக்கொண்டிருப்பேன். சாதாரணமாகவே வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறவள் நான். தயிர் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. மற்றச் சாப்பாட்டைக் கண்டாலே பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, என்னிடம் மட்டும்தான் பயமில்லாமல் வயிறு நிறையக் குடித்தாள்.

ஊருக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. “பாலு ஆகாத புள்ளைன்னு கேள்விப்பட்டதே இல்லீங்களே” என்பார்கள். என் வீட்டுக்காரரே லேசுப்பட்டவர் இல்லை. அவர் பரம்பரையாகத் தறி ஓட்டிய குடும்பத்துப் பிள்ளை, நிட்டிங் மிஷின் ஆப்பரேட்டர். முருகன் என்றால் உயிர். ஒரு கிருத்திகையன்று பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனவர், அபிஷேகப் பாலை ஒரு சொட்டு அவள் நாக்கில் வைத்துவிட்டார். சாமி மேல் பட்டு இறங்கிய பால் என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கை. கோயில் வாசலிலேயே பிள்ளைக்கு மூச்சுத் திணறி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். பிழைத்து எழுந்தாள். “சாமி பாலுதானே புள்ள” என்று அவர் தேம்பியபோது, “சாமிக்கு ஆகும், எம்புள்ளைக்கு ஆகாதுங்க” என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்திவிட்டேன். அதற்குப்பிறகு அவரும் அவளுக்கு எதையும் ஊட்டப் பயந்தார்.

அந்த நிலையில்தான் நான் மறுபடி உண்டானேன். அதற்கு முன் ஒன்று தங்காமல் கலைந்து போயிருந்தது. இந்த முறையும் லேசாக உதிரம் காட்டியதும் லேடி டாக்டர், “பால் குடுக்கிறதை நிறுத்திடும்மா, உன் உடம்புக்கு ரிஸ்க் எடுக்க வேண்டாம்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வயிற்றில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் மடியில் இருப்பதைத் தள்ளவேண்டும். தள்ளினால் இவள் எதைச் சாப்பிட்டுப் பிழைப்பாள்? அடுத்த பிள்ளைக்காகப் பாலை இழந்து நோஞ்சானாகிப் போகும் பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்பார்கள். பால் மறக்கடிக்கப் பிள்ளையைக் கொஞ்ச நாள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கணியூரில் என் பிறந்த வீட்டில் கறவை மாடு நிற்கிறது. உறிப்பானை முதல் அகப்பை வரை மோர் வாடை. அங்கே எப்படி விடுவேன்?

எதிர் வீட்டில் குடியிருந்தவளை நான் அம்மிணி என்றுதான் கூப்பிடுவேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவள் ஓவர்லாக் டெய்லர், அவள் புருஷன் அயர்ன் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். என் வீட்டுக்காரரை அண்ணே என்று அழைத்ததால் நான் அவளுக்கு மைனி ஆனேன். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவளுக்கு மடி நிறையவில்லை. ஜெபத்திலும் கேட்டாள், என்னோடு வந்து முருகன் கோயில் மரத்தில் தொட்டிலும் கட்டினாள். “யாரு குடுத்தா என்ன மைனி, குடுத்தாச் சரி” என்று சிரிப்பாள். வேப்பங்கொழுந்து தோற்றுப்போன கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், நான் அழுவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “எங்கிட்ட விடுங்க மைனி, நான் பாத்துக்கிடுதேன். நீங்க சொல்லுத சாமானைத் தவிர ஒரு பருக்கை அவ வாய்க்குப் போவாது” என்றாள்.

பிள்ளையில்லாதவள் கையில் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று லைனில் பேச்சு கிளம்பியது. ஏக்கம் பட்டுவிடுமாம். குழாயடியில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “ஏக்கம் பட்டா எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. உங்க ஊட்டு மோரு ஒரு சொட்டுப் பட்டாத்தான் ஆகும்” என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மிணியோ ஷிப்மெண்ட் நெருக்கடியிலும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டையே கழுவிக் கவிழ்த்தாள். பால் பாத்திரங்களைக் கட்டிப் பரணில் போட்டாள். பிள்ளைக்கென்று புதுச் சட்டி வாங்கினாள். ஆம்லெட் இல்லாமல் சோறு இறங்காத அவள் புருஷன், அந்த வாரம் முழுக்க வெளியே மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்து, கைகாலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார். சொந்தத் தாய்மாமன்கூட அப்படிச் செய்வானா என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

எதிர் எதிர் வீடு, நடுவில் ஒரு சந்து. ஆனால் நான் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தேன். முதல் நாள் “அம்மா, அம்மா” என்று அவள் அலறியது என் கதவில் வந்து மோதியது. அந்தக் குரலுக்கே எனக்குப் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்துவிடும். பால் வற்றுவதற்கு அம்மிணி பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வந்து கொடுத்தாள். பூவை உதிர்த்து மார்பில் வைத்து, கம்பெனிக் கழிவில் கிடைத்த பனியன் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். நேற்றுவரை பிள்ளையின் தலை கிடந்த இடத்தில் பூ வாடிக் கிடக்கும். மல்லிகை வாசம் எல்லாருக்கும் கல்யாண வீட்டை ஞாபகப்படுத்தும், எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனத்துப்போகும். அவள் அழுத நாட்களைக்கூடத் தாங்கிவிட்டேன். அழுகை நின்ற நாள்தான் ஆகாமல் போயிற்று. எதிர் வீட்டிலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் வந்தது. ராகிப் புட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்து அம்மிணி ஊட்டுகிறாள், இவள் இன்னும் இன்னும் என்று கேட்கிறாள். வயிற்றில் பாலை வார்த்த சத்தம்தான் அது. ஆனாலும் என்னை விட்டுவிட்டு எப்படியடி சிரிக்கிறாய் என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

அதற்கடுத்த நாள் மத்தியானம், பிள்ளை தூங்கும் நேரம்தானே என்று, துவைத்து மடித்த அவள் சட்டைகளை எடுத்துக்கொண்டு சந்து தாண்டிப் போனேன். கதவு ஒருக்களித்து இருந்தது. பாயில் அம்மிணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். என் மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளோடு ஒட்டிக் கிடந்தாள். அம்மிணியின் ஜாக்கெட் ஊக்குகள் திறந்திருந்தன. பிள்ளையின் வாய் அங்கே இருந்தது, கன்னம் அசைந்துகொண்டிருந்தது. குடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அது இருவருக்குமே தெரிந்துதான் இருக்கவேண்டும். அம்மிணியின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பாயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

எனக்கு வந்தது முதலில் ஆத்திரம்தான். பொய் சொல்வானேன்? என் இடம் அது. நான் பூ வைத்துக் கட்டி வற்றடித்துக்கொண்டிருக்க, இன்னொருத்தி அங்கே படுத்திருக்கிறாள். உள்ளே போய்ப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டேன். அப்புறம் அந்தத் தட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சட்டைகளைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவளும் அதைப்பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாரம் முடிந்து அம்மிணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. என் மடிக்குத் தாவி வந்தவள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள், தோட்டை இழுத்தாள், நெற்றிப் பொட்டை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். முந்தானையை மட்டும் விலக்கவே இல்லை. கேட்டால் எப்படி மறுப்பது என்று அத்தனை நாளும் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொல் எதற்கும் வேலை வரவில்லை. “மறந்துட்டா மைனி” என்று அம்மிணி மெதுவாகச் சொன்னாள். எந்தச் செய்திக்காக விரதம் இருந்தேனோ அந்தச் செய்தி. அதைக் கேட்டு நான் உடைந்து அழ, அவளும் சேர்ந்து அழ, பிள்ளை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து மிரண்டு போனாள்.

வயிற்றில் இருந்தவன் தங்கினான். கொழுகொழுவென்று பிறந்தான். பால் மறந்தது எப்போது என்றே தெரியாமல் மறந்தான். எதைக் கொடுத்தாலும் தின்பான், மகராசன். மகளும் சவலையாகவில்லை. ராகியும் தேங்காய்ப்பாலுமாகத் தேறி, பள்ளிக்கூடம் போகும் வயதில் பசும்பாலும் ஒத்துக்கொண்டது. கடலைக்காய் மட்டும் இன்றுவரை ஆகாது. ஆர்டர் இல்லாமல் கம்பெனிகள் படுத்த சமயத்தில் அம்மிணியும் அவள் புருஷனும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். பஸ் ஏறும்போது அம்மிணி முத்தமிட்டு முத்தமிட்டு என் மகளின் கன்னமே சிவந்துவிட்டது. அம்மிணிக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை.

மகள் இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை வருவாள், வந்தால் போனும் கையுமாக இருப்பாள். அவள் தூங்கும்போது பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். “புழுக்கமா இருக்கும்மா, தள்ளிப் படு” என்பாள். தள்ளிப் படுப்பேன். அந்தச் சின்னத் தலையின் கனத்துக்காக என் நெஞ்சு இன்றைக்கும் ஏங்குகிறது. ஒருமுறை அப்படித் தள்ளிப் படுத்த நாளில் அம்மிணியின் போன் வந்தது. வழக்கம்போல, “பாப்பா நல்லாச் சாப்புடுதாளா மைனி?” என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, கூடத்துக்கு வந்து, இத்தனை வருஷம் பேசாததைப் பேசிவிட்டேன்.

“அம்மிணி, அன்னைக்கு மத்தியானம் நீ அவளப் போட்டுட்டுப் படுத்திருந்தப்ப, நான் வாசல்ல நின்னு பாத்தேன்.”

அவள் சொன்னாள்.

“தெரியும் மைனி. உங்க கொலுசுச் சத்தம் கேட்டுது. கண்ணத் தொறந்தா பிள்ளையத் தள்ளி வைக்கணும்லா. அதான் தொறக்கல.”

“நானுந்தான் கூப்புடல அம்மிணி” என்றேன்.