கை காட்டும் முன்பே நிற்பவர்

கல்லுக்காட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். மல்லிகைத் தோட்டம் போட்டேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமலே பூ ஏற்றச் சொந்த வேன் வாங்கினேன்.

அதை ஓட்ட வந்தவர் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர். ஒல்லி உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் முகாம் அட்டையும் லைசென்சும் வைத்த பிளாஸ்டிக் உறை. போலீசைக் கண்டால் போதும், அவர்கள் கை காட்டும் முன்பே வண்டியை நிறுத்தி உறையை நீட்டிவிடுவார்.

"ஏப்பா, அவுக கூப்பிடவே இல்லையே! பூ வாடுதுல்ல?" என்பேன்.

"அவை மறிச்ச பிறகு நிண்டா நான் பிடிபட்ட ஆள், ஐயா. நானா நிண்டா விருந்தாளி."

ஒருநாள் வடமதுரையில் அப்படித்தான் நின்றார். புதிதாக வந்திருந்த போலீஸ்காரர் அவர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அழுக்குத் துண்டோடு பக்கத்தில் இருந்த என்னிடம் திரும்பினார்.

"பெருசு, உங்க அட்டை?"

"வண்டியே என்னுதுய்யா!"

"அதுக்கு ஆதாரம்?"

எல்லாம் வீட்டுப் பீரோவில் இருந்தது. திண்டுக்கல்லில் பூ ஏலம் முடிந்துவிடுமே என்று எனக்கு வியர்த்தது.

டிரைவர் சொன்னார்: "நல்ல மனுசன், சேர். இவருக்கு நான் பொறுப்பு."

போலீஸ்காரர் சிரித்தே விட்டார். பூ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் பிறந்த மண்ணில் எனக்கே ஜாமீன் நிற்க அவருக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்பது இன்றும் விளங்கவில்லை. அவரைப் புகழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரை நம்பி முதலில் சாவியைக் கொடுத்தவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.