சாவித் துவாரத்தில் ஒரு குடித்தனம்

பள்ளிக்கூடத்தில் அவளை எல்லாரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. காலையில் முதல் ஆளாக வந்து ஜன்னல்களைத் திறப்பாள். கண்ணாடிக் குழாய்களை பிரஷ் விட்டுக் கழுவி மரத்தாங்கியில் கவிழ்த்து வைப்பாள். அப்புறம் சுவரோரத்து அலமாரியில் இருக்கும் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். தவளை, பூரான், நட்சத்திர மீன், இரண்டு தேள், பெயர்ச்சீட்டு அழிந்துபோன ஒரு பாம்புக்குட்டி. மருந்துத் தண்ணீரில் வெளுத்து, ஏதோ பெரிய யோசனையில் இருப்பவை போல மிதந்துகொண்டிருக்கும்.

வேலையில் அவள் கறார். இடுப்பில் தொங்கும் வளையத்தில் பதினான்கு சாவிகள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே எது எந்தக் கதவுக்கு என்று சொல்லிவிடுவாள். ஒரு சாவியும் தொலைந்ததில்லை, ஒரு குழாயும் கணக்கில் குறைந்ததில்லை. வீட்டில் அவள் கணவர், வாசல் அறையிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் டெய்லர், இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். "உன்கிட்ட என்னைக் குடுத்தாங்க பாரு, அதான் நான் இன்னும் தொலையாம இருக்கேன்."

அந்த வருஷம் நடுவில் உயிரியல் ஆசிரியர் வேறு ஊருக்கு மாறிப்போனார். அவர் பார்த்துக்கொண்டிருந்த சுற்றுச்சூழல் மன்றம் அனாதையாகிவிட்டது. தலைமையாசிரியை ஒரு மத்தியானம் லேபுக்குள் வந்து, ஒரு பழைய வருகைப் பதிவேட்டை மேஜைமேல் வைத்தார்.

"புதன்கிழமை கடைசி பீரியட். ஆறே ஆறு பிள்ளைங்கதான். சும்மா உக்கார வெச்சாப் போதும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே மேடம்."

"தெரிஞ்சவங்களுக்கெல்லாம் நேரம் இல்லையாம். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

அப்படித்தான் அது அவள் தலையில் விழுந்தது.

ஆறு பேரும் ஆறாம் வகுப்பு. வாயைத் திறந்தாலே கேள்வியாகக் கேட்கிற ஒரு பெண். வகுப்பில் எல்லாரும் அவளுக்குக் கேள்வி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தடித்த கண்ணாடி போட்ட பையன் ஒருவன், சோடாபுட்டி. ஒரே முகமுள்ள இரட்டைச் சகோதரிகள். மற்ற இருவர் விளையாட்டுக் குழுவில் இடம் கிடைக்காமல் இங்கே ஒதுங்கியவர்கள். முதல் புதன்கிழமை ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி மட்டும் சுற்றியது. இரண்டாவது புதன்கிழமை கேள்வி எழுந்தாள்.

"சுற்றுச்சூழல்னா சுத்தி இருக்கறதுதானேக்கா? அப்ப ஏன் உள்ளயே உக்காந்திருக்கோம்?"

லேப் அக்கா பதிவேட்டை மூடினாள். "சரி, போங்க. எதையும் பிடுங்காதீங்க, எதையும் உடைக்காதீங்க. பாத்துட்டு வந்து என்னன்னு சொல்லுங்க."

போனவர்கள் வரவில்லை. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தேடிக்கொண்டு போனாள். லேபுக்குப் பின்புறம், கட்டடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே நாலடி அகலத்துக்கு ஒரு சந்து உண்டு. உடைந்த நாற்காலிகளும் யாரோ எப்போதோ நட்டு மறந்த ரோஜாச் செடி ஒன்றும்தான் அங்கே இருந்தன. ஆறு பேரும் சீருடையோடு தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள்.

"என்ன கோலம் இது? எந்திரிங்க!"

"உஷ்," என்றான் சோடாபுட்டி, திரும்பாமலே. "மெதுவாக்கா. போய்ட்டிருக்கு."

ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய பூச்சிச் சிறகு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. காற்று அடித்தபோது சிறகு பாய்மரம் போல விரிந்து எறும்பைப் பக்கவாட்டில் இழுத்தது. அது நின்று, நிதானித்து, மறுபடி நேராகப் போனது. லேப் அக்கா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மேற்குப் பக்கத்து வெயில் மதில்மேல் சாய்ந்து பாசியைப் பச்சை வெல்வெட்டாக்கியது. ஈரச் செங்கல் ஒன்றின்மேல் ஒரு நத்தை, நேரம் என்று ஒன்று இருப்பதே தெரியாதது போல, கொம்பை நீட்டிக்கொண்டிருந்தது. மணி அடித்தது அவள் காதில் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல விழுந்தது.

அதன்பின் புதன்கிழமை என்றால் சந்துதான். என்ன பார்த்தாலும் அவளுக்குப் பெயர் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. "தெரியலையே" என்று சேர்ந்து சொல்லிவிட்டுச் சேர்ந்து பார்ப்பார்கள். வீட்டுக்கு நடந்து போகும்போது தெருவே கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

அப்படி ஒரு நாள்தான் ரோஜா இலைகளில் வட்டம் வட்டமாக வெட்டு விழுந்திருப்பதை இரட்டையர்கள் கண்டுபிடித்தார்கள். புழு கடித்தால் கந்தலாக இருக்கும். இது வரைந்து வெட்டியது போல இருந்தது. லேப் அக்கா உதிர்ந்து கிடந்த ஓர் இலையை எடுத்துப்போய்க் கணவரிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, இலையை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"யார் வெட்டினா?"

"அதான் தெரியல."

"யாரா இருந்தாலும் தொழில் தெரிஞ்ச ஆளு. கழுத்து வெட்டறப்ப எனக்கே ஒரு இடத்துல கை நடுங்கும். இதுல ஒரு பிசிறு இல்ல பாரு." மெஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அளவு நாடா இல்லாம, சாக்பீஸ் இல்லாம! வேலைக்கு வருதான்னு கேட்டுச் சொல்லு."

அடுத்த நாளே ஆள் பிடிபட்டது. லேபை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. தேக்குக் கதவு, கதவுக்குள்ளேயே பதித்த பழைய காலத்துப் பூட்டு, விரல் நுழைகிற அளவுக்கு சாவித் துவாரம். லேப் அக்கா குழாய் கழுவிக்கொண்டிருந்தபோது கறுப்பாக ஒன்று ஜன்னல் வழியே வந்தது. கால்களுக்கிடையே ஒரு பச்சை இலைத் துண்டைச் சுருட்டிப் பிடித்திருந்தது. நேராகக் கதவுக்குப் போய், துவாரத்துக்குள் இலையோடு நுழைந்து மறைந்தது. உள்ளே சன்னமாக ஒரு ரீங்காரம். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வெளியே வந்து பறந்தது. மறுபடி வந்தபோது இலை இல்லை. வயிறெல்லாம் மஞ்சள் பொடி அப்பியிருந்தது.

சோடாபுட்டி நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடித்து வந்து வாசித்தான். இலை வெட்டும் தேனீயாம். கூட்டம் கிடையாது, ராணி கிடையாது. ஒற்றை ஆளாக இலையில் அறை கட்டி, மகரந்த உருண்டை வைத்து, ஒரு முட்டை இட்டு மூடும். அதை ஒட்டி, வாசல் பக்கமாக அடுத்த அறை.

"புருஷன்?" என்று கேட்டாள் கேள்வி.

"அதைப் பத்தி ஒண்ணும் போடலை."

ஒன்பது நாள் அந்த வேலை நடந்தது. இடைவேளைகளில் ஆறு பேரும் வந்து கதவுக்கு எதிரே தரையில் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். பிற்பகல் வெளிச்சம் ஜன்னலிலிருந்து சரிந்து கதவுமேல் ஏறும். அது வரும், போகும். பத்தாம் நாள் துவாரத்தின் வாயை வட்ட இலைகளால் அடைத்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்தது சோதனை. மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து லேபிலும் ஸ்டோரிலும் உள்ள பொருள்களைச் சரிபார்க்கப் போகிறார் என்று கடிதம். தலைமையாசிரியை முந்தின நாள் சாயங்காலம் வந்து கையை நீட்டினார்.

"ஸ்டோர் ரூம் சாவியைக் குடுங்க. உள்ள எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துடறேன்."

வளையத்தில் ஏழாவது சாவி. லேப் அக்காவின் விரல் அதன்மேல்தான் இருந்தது. "சாவி காணோம் மேடம்," என்று தன் வாயே சொல்வதைக் கேட்டாள்.

தலைமையாசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்ககிட்டயா? காணோமா?"

"தேடிப் பாத்துட்டேன் மேடம்."

"சரி, விடுங்க. காலையில கார்பென்டரை வரச் சொல்றேன். பூட்டை உடைச்சிடலாம்."

அன்று வீட்டில் அவள் எதிலும் ஒட்டவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவங்க பொய் சொன்னா இப்படித்தான், முழுசா சொல்லத் தெரியாது," என்றார். "உள்ளதைச் சொல்லிடு. என்ன ஆயிடும்?"

மறுநாள் காலை தச்சர் உளியும் சுத்தியலுமாகக் கதவுமுன் நின்றபோது, அவள் போய்க் கதவுக்கும் அவருக்கும் நடுவே நின்றுகொண்டாள்.

"சாவி இருக்கு மேடம். தொலையல. பூட்டுக்குள்ள ஒரு குடித்தனம் இருக்கு."

தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. பூச்சிக்காக அல்ல, பொய்க்காக. "எனக்கு எழுத்துல வேணும். இப்பவே."

லேப் அக்கா கழுவுதொட்டி ஓரத்தில் நின்றபடியே எழுதினாள். பெயர்ச்சீட்டு எழுதிப் பழகிய அதே குண்டு எழுத்து.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. ஸ்டோர் ரூம் சாவி என்னிடமே உள்ளது. தொலைந்ததாக நான் சொன்னது பொய். சாவித் துவாரத்தில் இலை வெட்டும் தேனீ கூடு கட்டி மூடியுள்ளது. உள்ளே குஞ்சுகள் உள்ளன. எத்தனை என்று தெரியவில்லை. சாவியை விட்டால் நசுங்கிவிடும். பத்தொன்பது வருடமாக செத்துப்போனவற்றைப் பத்திரமாகப் பார்த்து வருகிறேன். ஒன்றும் குறைந்ததில்லை. உயிரோடு இருக்கும் ஒன்று என் பொறுப்பில் வந்தது இதுதான் முதல் தடவை. அதனால் தவறு செய்துவிட்டேன். மன்னிக்கவும்."

தலைமையாசிரியை அதை இரண்டு தடவை படித்தார். "இது ஃபைல்ல இருக்கும்," என்றார். பிறகு குனிந்து அந்தத் துவாரத்தைப் பார்த்தார். காய்ந்துபோன பச்சை வட்டம், சட்டைப் பொத்தான் அளவுக்கு. "சரி, இப்ப அதிகாரி வந்து நின்னா நான் என்ன பண்றது?"

அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தச்சர் தொண்டையைச் செருமினார். "பூட்டைத் தொடாமலே திறக்கலாங்க. கீல் வெளிப்பக்கம்தானே இருக்கு? ஆணியை உருவிட்டா கதவு அந்தப் பக்கமா ஒதுங்கும். ரொம்ப இல்ல, ஒல்லியா ஒரு ஆளு போகலாம்."

உருவினார். கதவு ஒரு முழம் விலகியது. சுத்தியல் ஓசை கேட்கும்போதெல்லாம் லேப் அக்கா துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு வந்த அதிகாரி நல்ல கனத்த சரீரம். இடைவெளியைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். "நீங்க உள்ள போய் சத்தமா வாசிங்கம்மா, நான் இங்கேருந்தே குறிச்சுக்கறேன்," என்றார். இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: உலக உருண்டை மூன்று, அதில் உடைந்தது ஒன்று, தராசு ஏழு, எலும்புக்கூட்டுப் படம் ஒன்று. கணக்கு அச்சு அசலாகச் சரியாக இருந்தது. அவர் டீ குடித்துவிட்டுப் போனார். தச்சர் கதவைப் பழையபடி பொருத்தினார்.

அப்புறம் காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. புத்தகத்தில் போட்டிருந்த நாள் வந்தது, போனது. கதவை அசைத்ததில் செத்திருக்கும் என்றான் சோடாபுட்டி. சொல்லிவிட்டு அவனே கண் கலங்கினான். பரீட்சை தொடங்கிவிட்டது.

பரீட்சையின் மூன்றாம் நாள், பத்து மணி வாக்கில், லேப் அக்கா தனியாக இருந்தபோது பச்சை வட்டம் லேசாக ஆடியது. பொடிப் பொடியாகத் தூள் உதிர்ந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. மீசைக் கொம்பு இரண்டையும் முன்காலால் வழித்து வழித்துத் துடைத்தது. அவள் கழுவிக்கொண்டிருந்த குழாய் கையிலேயே நின்றது. தொட்டி நிறைந்து தண்ணீர் காலடியில் ஓடியது. அது துவார விளிம்பில் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஈரம் காய்ந்ததும், முன்பின் தெரியாத உலகத்துக்குள் எந்தத் தயக்கமும் இல்லாமல் பறந்துபோனது. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு. எதிர்க் கட்டடத்தில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட முடியாது.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவர்களிடம் சொன்னபோது கேள்வி பொரிந்து தள்ளினாள். "எங்களைக் கூப்பிட்டிருக்கணும்!"

"பரீட்சை இல்லையாம்மா?"

"பரீட்சை எப்ப வேணா வரும்கா. இது வருமா?"

மறுநாள் ஏழரை மணிக்கே ஆறு பேரும் லேப் வாசலில் நின்றார்கள். உள்ளே இன்னொன்று இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கதவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். எட்டு மணி ஆனது. எட்டே முக்கால். முதல் மணி அடித்தது, யாரும் எழவில்லை. "எந்திரிங்கம்மா, நேரமாச்சு," என்று லேப் அக்கா சொன்னாள், சொன்னவளும் எழவில்லை. துவாரத்துக்குள் ஏதோ கரகரவென்றது.

அது வந்தது. முன்னே போனவற்றைவிடப் பெரியது, இன்னும் கறுப்பு. விளிம்பில் நின்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது என்று இரட்டையர்கள் பிற்பாடு சத்தியம் செய்தார்கள். கேள்வியின் வாய் திறந்திருந்தது, ஆனால் கேள்வி வரவில்லை. ரீங்காரம் அவர்கள் தலைக்குமேல் ஒரு வளையம் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கரைந்தது.

அப்போதுதான் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. கேள்வித்தாள் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி தலைமையாசிரியை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "போங்க, போங்க," என்றார் மெல்ல, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "நான் போகாம பரீட்சை ஆரம்பிக்காது."

பரீட்சை முடிந்த புதன்கிழமை, தலைமையாசிரியையே கையெழுத்துப் போட்ட சீட்டோடு, மன்றம் முதல் தடவையாக பள்ளிக்கூட வாசலைத் தாண்டியது. தெருக்கோடியில், குடிநீர்க் குழாய்கள் குவிந்து கிடக்கும் காலி மைதானம் வரைக்கும் போனார்கள். மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன்மேல் தும்பிகள், இருபதோ முப்பதோ, கண்ணாடிச் சிறகுகளோடு. ஆள் நுழையும் அளவு பெரிய குழாய் ஒன்றில் ஏழு பேரும் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். யாரும் நோட்டைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து கேள்வி, "அக்கா, இதெல்லாம் முன்னாடியும் இங்கதான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கும்," என்றாள் லேப் அக்கா. செருப்பைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.