ஆபிதா டீச்சர் தர வேண்டிய பாயிண்ட்

எதைக் கேட்டாலும் ஆபிதா பீவி டீச்சர் முதலில் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். முந்தானை நுனியால் ஒரு பக்கத்தைத் துடைப்பார், வாயால் ஊதுவார், மறுபக்கத்தைத் துடைப்பார், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். மாட்டிக்கொண்ட பிறகுதான் பதில். சனிக்கிழமை ஊருக்குப் போகலாமா என்று கேட்டாலும் சரி, சண்டையில் முதலில் சடையைப் பிடித்து இழுத்தது யார் என்ற வழக்கானாலும் சரி, உப்புமாவில் கல் கிடந்ததைச் சமையலம்மா மறுத்தாலும் சரி, இந்தத் துடைப்பு நடந்தே தீரும்.

சேரன்மகாதேவியில் ஆற்றங்கரையை ஒட்டியிருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. விடுதிப் பொறுப்பும் அவருடையதுதான். இசக்கித்தாய் மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தவள். அம்மா தேயிலை பறித்தாள், அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. மலையில் மூடுபனி உண்டு, தூசி கிடையாது. அதனால் கீழே தூசி அதிகம், பாவம், டீச்சருக்குக் கண்ணாடி அடிக்கடி அழுக்காகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். எட்டாம் வகுப்பில் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தது. கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. டீச்சர் அதைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தார்.

விடுதிக்காரிகள் இதை எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள். துடைப்பு நீண்டால் அனுமதி கிடைக்கும். சட்டென்று முடிந்தால், ஊருக்குப் போக எடுத்துவைத்த துணியைத் திரும்பப் பெட்டியில் அடுக்கிவிடலாம்.

ஒரே ஒரு தடவை டீச்சர் துடைக்கவில்லை. அதனால்தான் இசக்கித்தாய்க்குக் கடன்பட்டார்.

அவள் பத்தாம் வகுப்புப் படித்த வருடம், பள்ளிகளுக்கு இடையிலான பூப்பந்துப் போட்டி அவர்கள் மைதானத்தில் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கலையரசி அணித்தலைவி. இறுதி ஆட்டத்தில் பின்கோட்டைப் பார்க்க வேண்டிய ஆசிரியர் வரவில்லை. வேறு ஆளும் இல்லை. டீச்சரே நாற்காலியைப் போட்டுக் கோட்டோரம் உட்கார்ந்தார்.

எதிர் அணியோடு வந்த பி.டி. மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. "மைதானமும் உங்க மைதானம், கோடு பாக்குததும் உங்க ஹெச்.எம். இனி பந்து ஆத்துல விழுந்தாலும் உள்ளதான்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். ஆனால் நாற்காலியைக் கோட்டுக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி ஆட்டம் சமமாக வந்து நின்றது. அடுத்த பாயிண்ட் யாருக்கோ, கோப்பை அவர்களுக்கு. இசக்கித்தாய் அடித்த பந்து எதிர்ப்பக்கத்து ஐந்து பேரையும் தாண்டிப் பின்மூலைக்குப் போய் விழுந்தது. அது உருண்டு நிற்பதற்குள் டீச்சரின் கை உயர்ந்துவிட்டது.

"வெளியே."

எதிர் அணிப் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். கலையரசி மட்டையைத் தூக்கி எறிந்ததில் அது கல்லில் பட்டு உடைந்தது. "ஏட்டி இசக்கி, டீச்சர் கண்ணாடியத் தொடைக்கவே இல்ல, பாத்தியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இசக்கித்தாயும் பார்த்திருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தனியாக அந்த மூலைக்குப் போய்க் குனிந்தார். சுண்ணாம்புக் கோட்டில், ஒரு பந்து அளவுக்கு, பொடி சிதறிக் குழிந்திருந்தது. பந்தை எடுத்துத் திருப்பினார். மஞ்சள் கம்பளியின் ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். "சுருட்டி வச்சிட்டுச் சாப்பிடப் போங்க" என்றதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இறைவணக்கம் முடிந்ததும் மொத்தப் பள்ளிக்கும் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து கடைசிப் பந்து உள்ள. நான் வெளியன்னு சொன்னேன். சொந்தப் பிள்ளைகளுக்குச் சாதகமாச் சொல்லிட்டேன்னு ஒருத்தர் பேசிரக் கூடாதேன்னு அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னுது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன், முடிஞ்சது முடிஞ்சதுதான்னுட்டாங்க. கோப்பை போயிட்டு. ஆனா பத்தாம் வகுப்பு இசக்கித்தாய்க்கு நான் ஒரு பாயிண்ட் கடன்."

ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "எப்ப டீச்சர் குடுப்பீங்க?"

சிரிப்பு அடங்கும்வரை டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ கேக்கும்போது" என்றார்.

இசக்கித்தாய்க்குக் காது சூடாகிவிட்டது. அதுவரை பெரியவர்கள் யாரும் அவளைப் பார்த்துத் தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை. எஸ்டேட்டில் மேஸ்திரி சொன்னதில்லை, வீட்டில் அப்பா சொன்னதில்லை. சொல்வார்கள் என்று அவளும் எதிர்பார்த்ததில்லை.

அதன் பிறகு அந்தப் பாயிண்டை வைத்து இருவருக்கும் ஓயாத வழக்கு. பொதுத்தேர்வில் கணக்கில் தொண்ணூற்றொன்பது வாங்கிக்கொண்டு போய் நின்றாள். "அந்த ஒண்ண இங்கன போட்டுருங்க டீச்சர், நூறாயிரும்."

"அது விளையாட்டுக் கடன். கணக்குல கழிக்கப்படாது."

ஆற்றில் குளித்துவிட்டுப் பிந்தி வந்து மாட்டிக்கொண்ட நாளில், "இதுக்குக் கழிச்சுக்கிடுங்க டீச்சர்" என்றாள்.

"இவ்வளவு மலிவாவா விக்க? போ, போயி வராண்டாவக் கூட்டு."

பள்ளிப் படிப்பு முடிந்து திருநெல்வேலியில் கல்லூரியில் சேர்ந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அவளை மேடை ஏற்றுவது அப்போது தொடங்கியது. மேடைக்கென்று ஒரு கதையும் தயாராக இருந்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து மாஞ்சோலை பஸ் வராமல் போன நாளில், விடுமுறை முடிந்து திரும்பும் இசக்கித்தாய்க்காக டீச்சர் பஸ் நிறுத்தத்தில் இருட்டும்வரை குடையோடு நின்றிருந்தார். நடந்ததுதான். சொன்ன இடத்தில் எல்லாம் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் மேடையிலிருந்து இறங்கும்போது அவள் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி சின்னதாகிப் போனாள். கட்டணம் கட்டியவர், புத்தகம் தந்தவர், சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் என்று நன்றி சொல்லவேண்டியவர்களின் பெயர்கள் கூடிக்கொண்டே போயின. நான் என்று இதில் என்னதான் இருக்கிறது, எல்லாமே யாரோ தந்ததுதானா என்று கேட்டுப் பார்த்தாள். பதிலாக அந்தப் பாயிண்ட்தான் நினைவுக்கு வரும். அது தானம் இல்லை. அவள் அடித்த பந்து கோட்டில் விழுந்தது. அது அவளுக்கு வரவேண்டியது.

எஸ்டேட் மூடி, எல்லாரும் மலையை விட்டு இறங்கிய வருடம், டவுனுக்கு வெளியே ஒரு அடுக்குக் குடியிருப்பில் மூன்றாம் மாடி வீடு கிடைத்தது. அப்பாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலையில் ஏறி இறங்கிய மனிதர்தான். இசக்கித்தாய் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே போட்டித் தேர்வுகள் எழுதினாள். எதற்காக எழுதுகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலப்பாளையத்தில் டீச்சர் வீட்டுக்குப் போனாள். தேநீரைக் குடித்துவிட்டு, விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"அந்தப் பாயிண்ட இப்பத் தந்துருங்க டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. "சரி. என்ன வேணும்? என்னால முடிஞ்சத எதுனாலும் செய்யுதேன், சொல்லு."

இசக்கித்தாய் திகைத்துப் போனாள். வேலையா, மேற்படிப்பா, வேறு ஊரா என்று யோசிக்க யோசிக்க எதுவும் நிலைக்கவில்லை. "தெரியல டீச்சர்" என்றாள்.

கண்ணாடி கழன்றது. இரண்டு பக்கமும் துடைக்கப்பட்டது. "தெரியாம வாங்கிட்டுப் போனா வீணாப் போயிரும். பைய கேளு. நான் எங்க போகப் போறேன்."

இது நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன மாதம் டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

செய்தி கேட்டு ஓடிய இசக்கித்தாய் உள்ளறையில் பெண்களோடு நின்றாள். உடல் வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் டீச்சரின் மகன் ஆதில் வாசலில் நின்று கூடியிருந்தவர்களிடம் சொன்னான். "எங்க உம்மா யாருக்காவது கடன்பட்டிருந்தா எங்ககிட்ட வாங்கிக்கிடுங்க. இல்லன்னா அல்லாவுக்காகப் பொருந்திக்கிடுங்க." பொருந்திக்கொள்வது என்றால் மனதார விட்டுவிடுவது. கடன் நின்றால் போனவருக்குப் பாரம், மய்யித்தை அடக்கத்துக்கு எடுக்கும் வீட்டில் எல்லாரும் கேட்பதுதான் என்று பக்கத்தில் நின்ற பெண் காதோரம் சொன்னாள்.

இசக்கித்தாய்க்கு உடனே அந்தப் பாயிண்ட்தான் நினைவுக்கு வந்தது. துக்க வீட்டில் பூப்பந்துப் பாயிண்டைப் பற்றி யார் பேசுவார்கள். சரி, மனசுக்குள் விட்டுவிடுவோம் என்று பார்த்தாள். விட்டுட்டேன், விட்டுட்டேன் என்று சொல்லியும் பார்த்தாள். அது போகவில்லை. விடாவிட்டால் டீச்சருக்குப் பாரம், விட்டால் தனக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதம் இது அவளைப் போட்டு அரித்தது.

பழைய மாணவிகள் பள்ளிக்கூடத்து ஹாலில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஏற்பாடெல்லாம் கலையரசி. இப்போது அம்பாசமுத்திரத்தில் வங்கி வேலை. ஆனாலும் அணித்தலைவிதான். டீச்சர் படத்துக்குப் பெரிய ரோஜா மாலை வாங்கி வந்திருந்தாள். டீச்சரின் மகள் ஷம்ஸியா பார்த்துவிட்டு, "மாலை வேண்டாம்மா, எங்கள்ல போடமாட்டோம்" என்றார். கலையரசி மாலையும் கையுமாகக் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு, வந்தவர்களிலேயே வயதான மாணவியின் கழுத்தில் போட்டுவிட்டாள். அந்த அம்மாள் என்ன ஏதென்று கேட்காமல் கூட்டம் முடியும்வரை மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, உனக்கு ரெண்டு நிமிஷம்" என்றாள் கலையரசி. "பஸ் ஸ்டாப்புக் கதையச் சொல்லு. எல்லாரும் அழுவாங்க."

"பாயிண்ட் கதையச் சொல்லுதேன்க்கா."

"செத்தவங்க தப்பச் சொல்லவா உன்ன மேடை ஏத்துதேன்? மேல பாரு." மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் தொங்கியது. 'தவறே செய்தறியாத தலைமையாசிரியை' என்று கொட்டை எழுத்து.

"அத யாருக்கா எழுதுனது?"

"நான்தான். ராத்திரிபூரா யோசிச்சு எழுதுனது."

"நீங்கதானக்கா அன்னைக்கு மட்டையத் தூக்கி எறிஞ்சது."

"எறிஞ்சேன். அது வேற, ஃப்ளெக்ஸ் வேற."

இசக்கித்தாய் மேடை ஏறினாள். முன்வரிசையில் கைக்குட்டைகள் தயாராக இருந்தன. "ஒருநாள் மலையில மரம் விழுந்து..." என்று தொடங்கினாள். நிறுத்தினாள்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். டீச்சர் எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்க. ஆனா எனக்கு ஒண்ணு தரவும் வேண்டியிருக்கு. நான் அதச் சொல்லுதேன்."

சொன்னாள். கோடு, நாற்காலி, துடைக்காத கண்ணாடி, மறுநாள் காலை, எல்லாவற்றையும். முடித்தபோது எல்லார் கண்ணும் ஃப்ளெக்ஸுக்குப் போய்த் திரும்பியது. பின்வரிசையில் ஒரு பெண் மெல்ல எழுந்தாள். "எப்பக் குடுப்பீங்கன்னு கேட்டது நான்தான்" என்றாள்.

ஹால் வெடித்துச் சிரித்தது. அதன் பிறகு மைக்குக்கு ஓய்வில்லை. என் மிக்சர் பொட்டலத்தைப் பிடுங்கி பீரோவில் வைத்தவர், பரீட்சை முடியட்டும் தாரேன் என்றவர், தரவே இல்லை என்றாள் ஒருத்தி. இரட்டையரில் தங்கைக்குக் கிடைக்க வேண்டிய திட்டு எனக்குக் கிடைத்தது, அதை இன்னும் மாற்றித் தரவில்லை என்றாள் இன்னொருத்தி. கலையரசியே வந்து மைக்கை வாங்கினாள். "அன்னைக்கு ஒடஞ்ச மட்டைக்குப் புதுசு வாங்கித் தாரேன்னாங்க. வரல. அதையும் சொல்லிருதேன்."

ஷம்ஸியா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து எழுந்தார். "நீங்க எல்லாரும் கொடுத்துவச்சவங்க. வீட்டுல உம்மா ஒரு நாளும் தப்ப ஒத்துக்கிட்டதில்ல. மீன் ஆணத்துல உப்பு கூடிட்டுன்னு வாப்பா சொன்னா, உங்க நாக்கக் காட்டுங்கம்பாங்க."

கூட்டம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது ஷம்ஸியா இசக்கித்தாயை வராண்டாவில் பிடித்துக்கொண்டார். முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"ஆதில் கேட்டான்லா, அன்னைக்கு நீ அங்கனதான நின்ன. ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்ல?"

"கடன்னா கடன்தான். உம்மா பேர்ல நிக்கக் கூடாது. இப்பச் சொல்லு. பொருந்திக்கிடுதியா, வாங்கிக்கிடுதியா?"

பொருந்திக்கிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் டீச்சர் விஷயத்தில் பொய் சொல்ல வரவில்லை.

"விட மனசு வரலக்கா. எல்லாரும் எனக்குக் குடுத்தவங்கதான். எனக்குத் தரவேண்டியவங்கன்னு டீச்சர் ஒருத்தங்கதான் இருந்தாங்க."

ஷம்ஸியா கோபப்படுவார் என்று இசக்கித்தாய் நினைத்தாள்.

"சரி" என்றார் ஷம்ஸியா. "அப்ப உம்மா பேர்லருந்து எடுத்து என் பேர்ல வச்சுக்கிடுதேன். எங்கள்ல அப்படிச் செய்யலாம். இனி கடன்காரி நான், உம்மா நிம்மதியாத் தூங்கட்டும். சொல்லு, என்ன வேணும்?"

வராண்டாவிலிருந்து பார்த்தால் மைதானம் தெரிந்தது. யாரோ புதிதாகக் கோடு போட்டிருந்தார்கள். இசக்கித்தாய் யோசித்தாள். போன வருடம் யோசித்ததைவிடக் கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்கும் அளவுக்கு இல்லை.

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"அதுக்குன்னு ரொம்ப இழுத்தடிக்காத. எனக்கும் வயசாவுது."

பந்தியிலிருந்து கலையரசி இலையும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "ஷம்ஸியாக்கா, அப்ப என் மட்டை?"

"அத நீ பொருந்திக்கிடும்மா" என்றார் ஷம்ஸியா.

"சரிக்கா" என்று கலையரசி உள்ளே போய்விட்டாள். பாயிண்ட் மட்டும் பாக்கி நின்றது.