ஆற்றில் மிதந்த சனிக்கிழமை

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. களனி ஆறு பாயும் கித்துல்கலையில் வெள்ளைக்காரர்களின் வரத்து குறைந்துபோய், அவர்களை ஆற்றில் ஏற்றிச் செல்லும் ரப்பர் படகுகள் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தன. அதனால்தான் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அதில் ஏறிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது.

அப்போது நான் கேகாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிறந்து வளர்ந்தது களனி ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். எனக்கு மலை ஏறுவதென்றால் பைத்தியம். விடுமுறை வந்தால் போதும், றக்வானை மலைப் பக்கம் பஸ் ஏறிவிடுவேன். அங்கே மேகத்துக்குள் நடந்து போகும்போது என் கையே எனக்குத் தெரியாது. அந்த வெள்ளைக்குள் நிற்க அவ்வளவு பிடிக்கும்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்காது. “டீச்சர் வேலை பாக்குற பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கொரங்கு வேலை?” என்பார். ஆறு என்றால் இன்னும் மோசம். ஆற்றோர மரங்களில் தினமும் பால் வெட்டினாரே தவிர, முழங்காலுக்கு மேல் அவர் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததில்லை. நீந்தவும் தெரியாது. அதனால் படகு விஷயத்தை நான் வீட்டில் வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை, என்னோடு வேலை செய்த மூன்று ஆசிரியைகளும் நானும் படகில் ஏறினோம். ஓட்டுநர் ஒரு சிங்கள அண்ணர். விழுந்தால் பதறாதீர்கள், மல்லாந்து படுத்துக் காலை முன்னால் நீட்டுங்கள், இந்த மிதவை மேலங்கி உங்களைத் தூக்கிக்கொள்ளும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினோம்.

ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் ஓர் இடத்தில் படகு செங்குத்தாக எழும்பியது. அடுத்த கணம் நான் படகில் இல்லை.

உள்ளே எல்லாம் பச்சையாக இருந்தது. சத்தமே இல்லை. மேலே வெளிச்சம் கண்ணாடித் துண்டுகளாக அசைந்துகொண்டிருந்தது. பயந்திருக்க வேண்டும், ஆனால் ஏனோ தூங்கப் போவது மாதிரிதான் இருந்தது. பிறகு மேலங்கி என்னை வெளியே தூக்கியது. இருமிவிட்டு மல்லாந்து படுத்தேன். படகு எனக்குப் பின்னால் ஒரு பாறையில் சிக்கிக்கொண்டு நின்றது. ஆறு என்னை மட்டும் அமைதியான ஒரு வளைவுக்குள் கொண்டுபோனது.

இலை உதிர்க்கும் காலம். இரண்டு கரையிலும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக என் தலைக்கு மேல் நகர்ந்தன. பழுத்த இலைகள் சுழன்று சுழன்று என் முகத்திலும் தண்ணீரிலும் விழுந்தன. அது எங்கள் தோட்டம் என்று புரியவே சற்று நேரம் ஆனது. கரையோரப் பாதையில், தலையில் துணி கட்டி, கையில் பால் வாளியோடு ஒரு பெண் நடந்து போனார். கனவில் கூப்பிடுகிற மாதிரி என் வாயிலிருந்து தானாக வந்தது.

“அம்மா.”

சத்தமாகக்கூட நான் கூப்பிடவில்லை. படகுக்காரர்கள் மிதந்து போவது அம்மாவுக்குப் பழகிப்போன காட்சி. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் திரும்பினார். வாளி கையிலிருந்து விழுந்தது. பால் பாறையில் கொட்டி, வெள்ளையாக ஆற்றுக்குள் படர்ந்தது. அதற்குப் பின்னாலேயே அம்மாவும் ஆற்றுக்குள் வந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு. கையை நீட்டிக்கொண்டே நடந்து வந்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. கால் எங்கோ பள்ளத்தில் இறங்க, தலைத்துணி மட்டும் தண்ணீரில் மிதந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் மயக்கமெல்லாம் ஒரு நொடியில் கலைந்துவிட்டது. குப்புறத் திரும்பிக் கையடித்துப் போனேன். சேலை அகப்பட்டது, பிறகு தோள். மேலே இழுத்ததும் அம்மா என் கழுத்தை இறுக்கிக்கொண்டார். ஒருவருக்கான மேலங்கியில் இரண்டு பேர். நான் தண்ணீர் குடித்துக் குடித்து எழும்பினேன். இனி முடியாது என்ற நேரத்தில் யாரோ என் மேலங்கியின் தோள்பட்டியைப் பிடித்து இழுத்தார்கள். பாறையிலிருந்து விடுபட்டு வந்த எங்கள் படகுதான்.

முதலில் அம்மாவை ஏற்றினார்கள். “இந்தகன்ன அம்மே”, உட்காருங்கள் அம்மா என்று சொல்லி, ஓட்டுநர் அவரை நடுவில் உட்கார வைத்தார். எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா நிறைய இருமினார். பிறகு என் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

ஓட்டுநர், கீழே இன்னொரு சின்ன இறக்கம் இருக்கிறது, பயமாக இருந்தால் இங்கேயே கரையில் விட்டுவிடுகிறேன் என்றார். அம்மாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். ஆனால் பதிலை என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னார்.

“கரையில எறக்கிவிட வேணாம்னு சொல்லு. போகட்டும்.”

ஓர் ஆசிரியை தன் மேலங்கியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டுக் கரையில் இறங்கிக்கொண்டார். படகு மெதுவாக நகர்ந்தது. அம்மா கரையையும் அதற்கு மேலே ஏறிப்போகும் தோட்டத்து மலைச்சரிவையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மரங்களுக்கு ஊடாக இறங்கி, மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில் எஞ்சிய பாலில் பட்டுப் பளிச்சிட்டது.

“நம்ம மலையா இது? இங்கேருந்து பாத்ததே இல்லையே” என்றார்.

இறக்கம் வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். படகு விழுந்து எழும்பியது. அவர் கண்ணை மூடவில்லை.

ஈரத்தோடு லயத்துக்கு நடந்து போகும்போது, தோட்டத்துக் கங்காணி வாளி கேட்பாரே என்பதைப் பற்றித்தான் பேசினார். இனி போகக்கூடாது என்று அவர் சொல்லவேயில்லை. போகும் முன் சொல்லிவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மலைகள் ஏறிவிட்டேன், மாணவிகளையும் கூட்டிப் போயிருக்கிறேன். ஆனால் நீந்தத் தெரியாத ஒருவர் எனக்காகத் தண்ணீருக்குள் நடந்து வந்தார் என்று நினைக்கும்போதெல்லாம், எந்த உயரத்திலும் என்னை யாரோ தாங்கிக்கொண்டிருப்பது போல உடம்பு லேசாகிவிடுகிறது.